எதிர்வீட்டுக் கொப்பரைக் கிடங்குத் தீ: நேரில் பார்த்த செய்தியாளனே அதைப் பற்றி எழுதலாமா?

தாலுகா செய்தியாளன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு நாளிதழின் தாலுகா செய்தியாளனாகப் பதினோரு ஆண்டுகளாக இருந்து வருகிறேன். கொங்குப் பகுதியில் கொப்பரைத் தேங்காய் உலர்த்தும் களங்கள் நிறைந்த ஒரு சிற்றூர் எங்களுடையது. என் வீட்டு வாசலுக்கு நேர் எதிரே, இருபதடிச் சாலைக்கு அந்தப் பக்கம், ஒரு கொப்பரைக் கிடங்கு இருந்தது. ஒன்பது நாட்களுக்கு முன்பு, பின்னிரவு இரண்டு மணிக்குச் சற்று முன்னதாக அது பற்றி எரிந்தது. என் தாயாரைப் பின்வாசல் வழியாகத் தூக்கிக்கொண்டு வெளியேறியபோது முன்பக்கத் திண்ணையில் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடு ஏறியிருந்தது. மூன்று தீயணைப்பு வண்டிகள் வந்தும் காலை பத்து மணி வரை தீ அடங்கவில்லை. காவலாளிக்கு இரண்டு கைகளிலும் காயம். நல்லவேளையாக உயிரிழப்பு இல்லை.

அன்று காலையிலேயே நான் செய்தி அனுப்பினேன். அதில் "மின்கசிவு காரணமாகத் தீ ஏற்பட்டிருக்கலாம் என்று கூறப்படுகிறது" என்று ஒரு வரி இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அப்படி யாரும் என்னிடம் கூறவில்லை. தீ விபத்துச் செய்தி என்றால் கை தானாக எழுதிவிடுகிற வரி அது. மறுநாள் பத்திரிகையில் என் வரியைப் படித்தபோதுதான் அது எனக்கு உறைத்தது.

இப்போது என் மனத்தை அரிப்பவை வேறு. அன்றிரவு பதினொரு மணி அளவில் கிடங்கின் வாசலில் ஒரு லாரியில் லோடு ஏறுகிற சத்தத்தை நானே கேட்டேன். சரக்கை வெளியேற்றிவிட்டுக் காப்பீட்டுத் தொகைக்காக உரிமையாளரே தீ வைத்துவிட்டார் என்று தெருவில் பாதிப் பேர் பேசுகிறார்கள். தீக்கு இரண்டு நாட்களுக்கு முன் கூலிப் பாக்கி கேட்டுத் தகராறு செய்த ஒடிசாத் தொழிலாளி ஒருவர்தான் செய்தார் என்று மீதிப் பேர் பேசுகிறார்கள். அந்த இளைஞரைக் காவல் நிலையத்துக்கு அழைத்துச் சென்று இரண்டு நாட்கள் ஆகின்றன, இன்னும் அனுப்பவில்லை. இவை போதாவென்று, கிடங்கின் உரிமையாளர் என் தாய்மாமனுடன் கூட்டு வைத்துத் தொழில் செய்தவர். மாமாவின் பணமும் அந்தச் சரக்கில் இருந்தது.

எனக்கு உரிமையாளர் மீதுதான் சந்தேகம். அந்தச் சந்தேகத்தின் மீதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. இதை நான் விசாரித்து எழுதலாமா? எழுதுவதானால் எங்கிருந்து தொடங்குவது? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

---

ஓய்வுபெற்ற நிலைய அலுவலர் எழுதியது:

தம்பி, முப்பத்தொரு ஆண்டுகள் தீயணைப்புத் துறையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். தீ தன் தடயத்தைத் தானே அழித்துக்கொண்டு போவது. அதன் பிறகு எங்கள் தண்ணீர் மீதியை அழிக்கிறது. அதற்கும் பிறகு கூரைத் தகட்டை விலைக்கு எடுக்க வருகிற பழைய இரும்புக்காரர் எஞ்சியதை அள்ளிக்கொண்டு போகிறார். ஆகவே நீங்கள் முதலில் செய்ய வேண்டியது, உங்கள் வாசலில் நின்றபடியே, உள்ளே கால் வைக்காமல், நான்கு திசைகளிலிருந்தும் படம் எடுத்துத் தேதியுடன் வைப்பதுதான். சுவரில் எந்த உயரம் வரை கரி, எந்த இடத்தில் சுண்ணாம்பு வெந்து வெளுத்திருக்கிறது, கூரைத் தகடு எந்தப் பக்கம் அதிகமாக வளைந்திருக்கிறது என்பவை மழை பெய்தால் போய்விடும்.

உள்ளே போய் எதையும் எடுக்காதீர்கள். மாதிரி எடுப்பது தடய அறிவியல் துறையின் வேலை. மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஊற்றப்பட்டதா என்று பார்க்க, எரிந்த சாக்கையும் அடியில் உள்ள மண்ணையும் காற்றுப் புகாத புதிய தகர டப்பாவில் அடைத்து அனுப்ப வேண்டும். சாதாரண பாலித்தீன் பையில் போட்டால் ஆவி பையின் வழியாகவே கசிந்து வெளியேறிவிடும், ஆய்வகம் கைவிரித்துவிடும். தீ எட்டாத இடத்து மண்ணையும் ஒப்பிடுவதற்காகத் தனி டப்பாவில் அனுப்பியிருக்க வேண்டும். இவை நடந்தனவா என்று விசாரணை அதிகாரியிடம் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. "கொப்பரையில்தான் எண்ணெய் இருக்கிறதே, எப்படிப் பிரித்துக் காண்பார்கள்" என்று சிலர் கேட்பார்கள். தேங்காயெண்ணெய் கொழுப்பு அமிலங்களால் ஆனது, மண்ணெண்ணெய் பெட்ரோலிய வகை. ஆய்வகத்தில் இரண்டும் வெவ்வேறாகத் தெரியும்.

மின்கசிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. எரிந்த இடத்தில் செம்புக் கம்பியின் நுனியில் சிறு உருண்டையாக மணி போல உருகியிருப்பதைக் காட்டி "இதோ ஷார்ட் சர்க்யூட்" என்பார்கள். தீயே வயரின் உறையை எரித்து, மின்சாரம் ஓடிக்கொண்டிருந்த கம்பிகளை ஒட்ட வைத்தாலும் அதே மணிதான் உருவாகும். அந்த நேரத்தில் அந்தக் கம்பியில் மின்சாரம் இருந்தது என்பதற்கு மணி சாட்சி. தீக்குக் காரணம் அதுதான் என்பதற்கு அது மட்டும் சாட்சியாகாது.

---

களத்துக்காரர் எழுதியது:

கொப்பரைத் தொழிலில் இருப்பவன் என்பதால் எழுதுகிறேன். இரவு பதினொரு மணிக்கு லோடு ஏற்றுவதில் எந்த மர்மமும் இல்லை. விடியற்காலையில் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டிய சரக்கை நாங்கள் இரவில்தான் ஏற்றுகிறோம். அந்த லாரி எந்த எடை மேடையில் நிறுத்தப்பட்டது, என்ன எடை காட்டியது, ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கென்றால் இ-வே பில் (சரக்கைக் கொண்டுசெல்வதற்கான மின்னணுச் சீட்டு) போடப்பட்டதா என்று பாருங்கள். சத்தத்தைவிடச் சீட்டு உறுதியானது.

யாரும் தீ வைக்காமலே கொப்பரை பற்றிக்கொள்ளும் என்பதையும் வெளியூர் நண்பர்களுக்குச் சொல்ல வேண்டும். கப்பலில் ஏற்றும் சரக்குகளுக்கான சர்வதேச விதிகளில் கொப்பரை, தானே சூடேறித் தீப்பற்றக்கூடிய பொருட்களின் வகுப்பில் வைக்கப்பட்டிருக்கிறது. நன்றாகக் காய்ந்த கொப்பரையில் ஈரப்பதம் ஆறு சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அதற்கு மேல் ஈரத்தோடு மூட்டை கட்டி அடுக்கினால் பூஞ்சை பிடிக்கும். அட்டியின் நடுவில் சூடு சேரும், வெளியேற வழி இருக்காது. ஈர வைக்கோல் போர் உள்ளுக்குள் புழுங்கிப் புகைவதைக் கிராமத்தில் வளர்ந்தவர்கள் பார்த்திருப்பார்கள். அதே சங்கதிதான். உங்கள் ஊரில் தீப்பிடித்த வாரத்துக்கு முன் மழை பெய்ததா? களத்தில் காய்ந்துகொண்டிருந்த சரக்கை அவசரமாக உள்ளே அள்ளிப் போட்டார்களா? தீக்கு முந்தைய நாட்களில் புளித்த, சிக்கு வாடை ஏதும் வந்ததா?

எங்கள் தொழிலுக்கே சங்கடமான இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மழைக்காலத்தில் பூஞ்சை வராமல் இருக்கவும் கொப்பரை வெளுப்பாகத் தெரியவும் கந்தகப் புகை போடும் பழக்கம் சிலரிடம் உண்டு. ஒரு தட்டில் கந்தகத்தைக் கொளுத்தி மூடிய அறைக்குள் வைத்துவிடுவார்கள். அந்தத் தட்டு ஒரு சாக்கு மூட்டையின் அருகில் இருந்திருந்தால் காப்பீடும் தேவையில்லை, கூலித் தகராறும் தேவையில்லை.

---

பழைய துணையாசிரியர் எழுதியது:

"கூறப்படுகிறது" என்ற சொல்லை நாற்பது ஆண்டுகள் திருத்தியும் திருத்தாமலும் அச்சுக்கு அனுப்பியவன் நான். யார் கூறினார் என்று கேட்டால் பதில் இல்லாத இடத்தில்தான் அந்தச் சொல் வந்து உட்கார்கிறது. நண்பர் அதைத் தானாகவே ஒப்புக்கொண்டிருப்பது எனக்கு மிகுந்த மதிப்பை உண்டாக்குகிறது. அந்த வரிக்கு முதலில் ஒரு திருத்தம் போட வைத்துவிடுங்கள். காப்பீட்டு நிறுவனத்தின் முன்னும் நீதிமன்றத்தின் முன்னும் ஒரு பத்திரிகைத் துண்டு எப்போது வந்து நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

தீயைப் பற்றி எழுதுகிற எந்தச் செய்தியாளரும் அறிந்திருக்க வேண்டிய வழக்கு ஒன்று அமெரிக்காவில் நடந்தது. டெக்சஸ் மாநிலத்தின் கார்சிகானா நகரில் 1991 டிசம்பர் 23 அன்று ஒரு வீடு எரிந்து மூன்று பெண் குழந்தைகள் இறந்தார்கள். தப்பி வெளியே வந்த தந்தை கேமரன் டாட் வில்லிங்காம்தான் தீ வைத்தார் என்று விசாரணை அதிகாரிகள் முடிவு செய்தார்கள். தரையில் திரவம் ஊற்றியதுபோன்ற கரித்தடம், சன்னல் கண்ணாடியில் வலைபோன்ற வெடிப்பு, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தீ தொடங்கியதாகத் தோன்றியது ஆகியவையே அவர்கள் காட்டிய தடயங்கள். தொடக்கத்தில் அவருக்காக இரங்கிய அண்டை வீட்டாரில் சிலர், அவர் மீது சந்தேகம் எழுந்த பிறகு, அன்று அவர் நடந்துகொண்ட விதத்தையே வேறு மாதிரியாக நினைவுகூர்ந்தார்கள். 2004 பிப்ரவரி 17 அன்று அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

தண்டனைக்குச் சில நாட்களுக்கு முன்பே ஜெரால்ட் ஹர்ஸ்ட் என்ற வேதியியல் அறிஞர், அந்தத் தடயங்களில் எதுவும் தீவைப்பை நிறுவவில்லை என்று அறிக்கை கொடுத்திருந்தார். அது பயன்படவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் சிகாகோ டிரிப்யூன் செய்தியாளர்கள் ஸ்டீவ் மில்ஸும் மாரிஸ் பாஸ்லியும் தீ அறிவியல் வல்லுநர்களிடம் சான்றுகளைக் காட்டி, ஒவ்வொன்றாக எப்படிப் பிழையானவை என்று எழுதினார்கள். கண்ணாடி வலைபோல வெடிப்பது சூடான கண்ணாடியில் தீயணைப்பு நீர் படுவதால்கூட ஆகும். அறைக்குள் வெப்பம் ஓரளவைத் தாண்டியதும் உள்ளே இருப்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கணத்தில் பற்றிக்கொள்ளும். அதை ஃபிளாஷ் ஓவர் என்கிறார்கள். அதற்குப் பிறகு தரையில் உண்டாகும் கரித்தடம், எதையும் ஊற்றாமலே ஊற்றியதுபோல இருக்கும்.

இது வெறும் வாதம் அல்ல. 1990ஆம் ஆண்டு ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில் லைம் தெருவில் ஒரு வீடு எரிந்து ஆறு பேர் இறந்தார்கள். அங்கும் குடும்பத் தலைவர் மீதே வழக்கு. அரசுத் தரப்பே அதே தெருவில் அதே அமைப்புள்ள இன்னொரு வீட்டை எடுத்து, அதே மாதிரிச் சோபாவும் விரிப்பும் போட்டு, எந்த எரிபொருளும் ஊற்றாமல் தீ வைத்துப் பார்த்தது. ஐந்து நிமிடத்துக்குள் அறை முழுவதும் பற்றிக்கொண்டது, தரையில் அதே தடங்கள் விழுந்தன. குற்றவாளி என்று தாம் நம்பிய மனிதரின் மீதான வழக்கை அவர்கள் திரும்பப் பெற்றார்கள். அந்தச் சோதனையை நடத்தத் துணிந்தவர்களை நான் இன்றும் மரியாதையுடன் நினைக்கிறேன்.

நண்பரே, உங்கள் ஊரில் ஒரு இளைஞர் காவல் நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறார். இதை மனத்தில் வைத்து ஒவ்வொரு வரியையும் எழுதுங்கள். என் கருத்து என்னவென்றால், தீக்கான காரணத்தை நீங்கள் எழுதக்கூடாது. மாவட்ட அலுவலகத்திலிருந்து வேறொருவர் வரட்டும். நீங்கள் உறவுக்காரர், அதோடு சாட்சி.

---

இன்னொரு தாலுகாக்காரர் எழுதியது:

ஐயா அவர்களின் கருத்தை மதிக்கிறேன், ஆனால் மாவட்டத் தலைநகரிலிருந்து ஒருவர் வருவார் என்பதை நம்பமுடியவில்லை. ஒரு கொப்பரைக் கிடங்குக்காக எந்தச் செய்தி ஆசிரியரும் ஆள் அனுப்பமாட்டார். நண்பர் ஒதுங்கினால் இந்தச் செய்தி அன்றைய நான்கு வரிகளோடு முடிந்துபோகும். ஊரை அறிந்தவர், தெருவை அறிந்தவர், அன்றிரவு விழித்திருந்தவர் அவர் ஒருவர்தான். அவ்வளவு நெருக்கம் குற்றமாகிவிடுமா?

காரணம் ஒன்றே செய்தி என்று நாம் நினைப்பதில்தான் தவறு இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள் இறந்தார்கள். சத்துணவுச் சமையல் அடுப்பிலிருந்து தீ கூரைக்கு ஏறியது என்பது விரைவிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் ஒரே கட்டடத்தில் எப்படி மூன்று பள்ளிகள் நடந்தன, மாடியின் மேல் ஓலைக் கூரை எப்படி அனுமதிக்கப்பட்டது, இறங்குவதற்கு ஏன் ஒரு குறுகிய படிக்கட்டு என்ற கேள்விகள்தான் நாட்டை உலுக்கின. அவற்றைக் கேட்பதற்குத் தீயை யார் வைத்தார் என்று தெரியவேண்டிய தேவை இல்லை.

நண்பரே, அந்தத் தொழிலாளர்கள் எங்கே தூங்கினார்கள்? இதை நீங்கள் எழுதவில்லை.

---

ஈரோடு வழக்குரைஞர் எழுதியது:

சட்டத்தின் பக்கத்திலிருந்து சில செய்திகள். முதலில் முதல் தகவல் அறிக்கையைப் பாருங்கள். 2016ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, ரகசியம் காக்க வேண்டிய வழக்குகளைத் தவிர மற்றவற்றின் முதல் தகவல் அறிக்கை இணையத்தில் ஏற்றப்பட வேண்டும். அதில் வெறும் "தீ விபத்து" என்று போட்டிருக்கிறார்களா, பாரதிய நியாய சன்ஹிதாவின் 326ஆம் பிரிவு இருக்கிறதா என்பதே முக்கியம். பொருள் வைக்கும் கட்டடத்தை அழிக்கும் நோக்கத்துடன் தீ வைப்பது அதன் ஏழாம் உட்பிரிவில், அதாவது முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 436ஆக இருந்ததில், வரும். ஆயுள் தண்டனை வரை விதிக்கலாம். விபத்து என்று பதிந்துவிட்டு ஒருவரை இரண்டு நாட்களாக வைத்திருக்கிறார்கள் என்றால், எந்தச் சட்டத்தின் கீழ் என்று அந்த இளைஞரின் சார்பில் யாராவது கேட்டாக வேண்டும். கைது செய்திருந்தால் 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தியிருக்க வேண்டும். கைது செய்யவில்லை என்றால் அவர் எழுந்து வீட்டுக்குப் போகலாம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வழக்குரைஞர் கிடைப்பார். இதை இன்றே செய்யுங்கள், செய்தி நாளைக்கு எழுதிக்கொள்ளலாம்.

அடுத்து உங்களைப் பற்றி. லாரிச் சத்தத்தைக் கேட்டவர் நீங்கள் சாட்சி. விசாரணை அதிகாரியிடம் நீங்களே போய் வாக்குமூலம் கொடுங்கள். போலீசிடம் தருகிற வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. கேட்டதை மட்டும் சொல்லுங்கள். "லாரியில் கொப்பரை ஏறியது" என்று சொல்லாதீர்கள், ஏனெனில் நீங்கள் அதைப் பார்க்கவில்லை. முதலில் பத்திரிகையில் எழுதிவிட்டுப் பிறகு வாக்குமூலம் கொடுத்தால், எதிர்த்தரப்பு வழக்குரைஞர் உங்களைக் கூண்டில் நிறுத்தி ஒவ்வொரு சொல்லையும் உரிப்பார். நானாக இருந்தால் அப்படித்தான் செய்வேன்.

தீயணைப்பு நிலையத்தின் அறிக்கையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், கட்டணம் பத்து ரூபாய், பதில் முப்பது நாட்களுக்குள். விசாரணை நடப்பதால் தரமுடியாது என்று 8(1)(எச்) பிரிவைக் காட்டி மறுத்தால், விசாரணை நடக்கிறது என்பது மட்டுமே போதாது, தகவல் தருவதால் அது எப்படித் தடைப்படும் என்று காட்ட வேண்டும் என 2007ஆம் ஆண்டு பகத் சிங் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லியிருப்பதை மேல்முறையீட்டில் எடுத்துக்காட்டுங்கள்.

---

தாலுகா செய்தியாளன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நான்கு நாட்களாகப் பதில் எழுத முடியவில்லை.

வழக்குரைஞர் ஐயா எழுதியதைப் படித்த அன்றே சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன். ஒரு பெண் வழக்குரைஞர் உடனே கிளம்பி வந்தார். அவர் காவல் நிலையத்தில் காரணம் கேட்ட ஒரு மணி நேரத்தில் அந்த இளைஞரை வெளியே விட்டார்கள். முதல் தகவல் அறிக்கையில் "தீ விபத்து" என்றுதான் இருக்கிறது. அந்த இளைஞருக்குத் தமிழ் சரியாக வராது. வெளியே வந்ததும் என்னைக் கும்பிட்டார். அவரைப் பற்றி இரண்டு நாட்கள் நான் எதுவுமே செய்யவில்லை என்பது அவருக்குத் தெரியாது.

விசாரணை அதிகாரியிடம் என் வாக்குமூலத்தைக் கொடுத்துவிட்டேன். பதினொரு மணி அளவில் டீசல் இஞ்சின் ஓடிய சத்தமும் மூட்டை விழும் சத்தமும் கேட்டேன் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். மாதிரிகள் தகர டப்பாவில் அனுப்பப்பட்டனவா என்று நிலைய அலுவலர் ஐயா சொன்னபடியே கேட்டேன். அனுப்பியிருக்கிறார்கள். ஒப்பீட்டுக்கான மண்ணை எடுக்கவில்லை, நான் கேட்ட மறுநாள் எடுத்தார்கள்.

களத்துக்காரர் கேட்டது என்னைத் தூங்கவிடவில்லை. ஆம், முந்தைய வாரம் மழை பெய்தது. களத்தில் கிடந்த கொப்பரையை இரவோடு இரவாக உள்ளே அள்ளியதை என் தாயார் திண்ணையிலிருந்து பார்த்திருக்கிறார். புளித்த வாடை வந்ததாகவும் சொல்கிறார். எனக்கு அப்படி ஒரு வாடை நினைவில் இல்லை. உரிமையாளர் மேல் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த நான், என் வீட்டுத் திண்ணையில் இருந்தவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தொழிலாளர்கள் எங்கே தூங்கினார்கள் என்ற கேள்விக்குப் பதில்: கிடங்கின் பின்சுவரை ஒட்டிப் போட்ட தகரக் கொட்டகையில், பதினான்கு பேர். ஒரே கதவு. காவலாளிக்குக் கையில் காயம் பட்டது அந்தக் கதவைத் திறந்துவிட்டதால்தான். அவர் அரசு மருத்துவமனையில் இருக்கிறார், நேற்று முதன்முறையாக அவரைப் போய்ப் பார்த்தேன்.

---

ஓய்வுபெற்ற நிலைய அலுவலர் எழுதியது:

கதவு வெளியிலிருந்து பூட்டப்பட்டிருந்ததா, உள்ளிருந்து தாழிடப்பட்டிருந்ததா, அல்லது சூட்டில் தகடு வளைந்து இறுகியிருந்ததா? காவலாளியிடம் இதை நீங்கள் எதையும் எடுத்துக்கொடுக்காமல், அவராகச் சொல்லும்படி கேளுங்கள். தாழ்ப்பாள் இன்னும் அங்கே கிடக்கிறதென்றால் பழைய இரும்புக்காரர் வருவதற்குள் விசாரணை அதிகாரியிடம் சொல்லிக் கைப்பற்ற வையுங்கள். காரணத்தை ஆய்வகம் சொல்லட்டும், தாழ்ப்பாளுக்கு ஆய்வகம் தேவையில்லை.

---

பழைய துணையாசிரியர் எழுதியது:

என் முந்தைய கருத்தில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறுகிறேன். நீங்களே எழுதுங்கள். கிடங்கு உங்கள் வீட்டுக்கு எதிரில் இருப்பதையும், உங்கள் மாமாவின் பணம் அதில் இருப்பதையும், நீங்கள் வாக்குமூலம் கொடுத்திருப்பதையும் ஆசிரியருக்கு எழுத்தில் தெரிவித்து, செய்தியின் இரண்டாம் பத்தியில் வாசகருக்கும் சொல்லிவிடுங்கள். தீயின் காரணம் தெரியவில்லை என்று ஒரே வாக்கியத்தில் எழுதிவிட்டு, அந்தக் கொட்டகைக்குப் போங்கள். 1979ஆம் ஆண்டிலேயே வெளிமாநிலத் தொழிலாளர்களுக்குத் தகுந்த தங்குமிடம் தரவேண்டும் என்று சட்டம் எழுதப்பட்டுவிட்டது. பதினான்கு பேரை எரிசரக்கின் முதுகில் படுக்க வைத்திருந்தவருக்கு உரிமம் தந்தது யார், கடைசியாக யார் வந்து பார்த்தார் என்று கேளுங்கள். உரிமையாளரிடமும் கேட்டு, அவர் சொல்வதை அவர் சொற்களிலேயே போடுங்கள்.

---

தாலுகா செய்தியாளன் எழுதியது:

செய்தி நேற்று மாவட்டப் பதிப்பின் மூன்றாம் பக்கத்தில் வந்துவிட்டது. மின்கசிவு என்று நான் எழுதியதற்கான திருத்தமும் அதனடியில் கட்டத்துக்குள் வந்திருக்கிறது. தாழ்ப்பாள் கைப்பற்றப்பட்டது. அது வெளிப்பக்கத் தாழ்ப்பாள். திருட்டுப் பயத்தால் இரவில் போடுவது வழக்கம் என்று உரிமையாளர் என்னிடம் சொன்னார், அப்படியே எழுதினேன். மாமா இரண்டு நாட்களாக வீட்டுக்கு வரவில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, செய்தியை மட்டும் இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

எடை மேடைச் சீட்டு இன்று கிடைத்தது. அன்றிரவு ஏறியது கொப்பரை அல்ல, தேங்காய்த் தொட்டி, அதாவது சிரட்டை. ஆய்வக அறிக்கை வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.